நீருக்கு வழிவிட்ட சுவர்கள்

மண்ணைக் குழைத்துச் செங்கல் அறுக்கவும் சாந்து சேர்க்கவும் நீர் வேண்டும். கட்டி முடித்த சுவருக்குப் பகையாவதும் அந்நீரே. நிலத்திலுள்ள ஈரம், செங்கல்லிலும் சாந்திலும் உள்ள நுண்புழைகள் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மேலேறுகிறது. இதனை ஓதம் ஏறுதல் என்பர். ஓதம் ஏறிய சுவரில் உப்புப் பூக்கும், பூச்சு உதிரும், பூஞ்சணம் படரும். அவ்வறையில் உறங்குவோரின் உடல்நலமும் கெடும். இப்பகையை வெல்ல மனிதன் கண்ட வழிகளின் வரலாறு ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது.

கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், பத்துப் பகுதிகளாலான தம் நூலின் ஏழாம் பகுதியில் இது குறித்துப் பேசுகிறார். ஓதம் மிகுந்த சுவரினின்று சற்று விலகி, உட்புறத்தில் மெல்லிய சுவர் ஒன்றை எழுப்ப வேண்டும். இரண்டிற்கும் இடையே, அறையின் தரையைவிடத் தாழ்வாக வாய்க்கால் அமைத்து வெளியே திறப்பு விட வேண்டும். சுவரின் உச்சியிலும் காற்றுத் துளைகள் வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. நீரை எதிர்த்து நில்லாமல், அது வடிந்தோட இடம் தந்ததே இம்முறையின் சிறப்பாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தொழில் நகரங்கள் பெருகியபோது, இவ்வறிவு ஏழைகளின் வீடுகளை எட்டவில்லை. லிவர்பூலிலும் மான்செஸ்டரிலும் ஆயிரக்கணக்கான உழைப்பாளிகள் ஈரம் ஊறிய நிலவறைகளில் ஒண்டிக் குடியிருந்தனர். எட்வின் சாட்விக் 1842இல் வெளியிட்ட அறிக்கை, உழைக்கும் மக்களின் சுகாதாரக் கேட்டை நாடறியச் செய்தது. 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், புதிதாகக் கட்டப்படும் நிலவறைகளைத் தனிக் குடியிருப்பாக்குவதையே தடைசெய்தது. அதனையொட்டி 1877இல் வெளிவந்த மாதிரித் துணைவிதிகள், புதுவீட்டுச் சுவர்களில் ஈரத்தடுப்பு அடுக்கு ஒன்று இடப்பட வேண்டும் என்றன. கற்பலகை, ஈயத்தகடு, நிலக்கீல் ஆகியவை அதற்குப் பயன்பட்டன.

அவ்வடுக்கு, கீழிருந்து ஏறும் ஓதத்தைத் தடுத்தது. ஆயினும், நிலவறையைப் பக்கவாட்டில் நெருக்கும் நிலத்தடி நீரின் தன்மை வேறு. ஒரு மீட்டர் ஆழத்தில் அது சதுர மீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 டன் எடையளவுக்கு அழுத்துகிறது. உட்பூச்சில் மயிரிழை வெடிப்பு இருப்பினும் நீர் அதன்வழி நுழைந்துவிடும்.

இதற்குத் தீர்வு, விட்ருவியஸ் காட்டிய வழியிலேயே அமைந்தது, பொருள்தான் புதிது. பாலிதீன் 1933இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. அடர்த்தி மிக்க பாலிதீனைக் குறைந்த அழுத்தத்தில் உருவாக்கும் முறையை 1953இல் ஜெர்மானிய அறிஞர் கார்ல் சீக்லர் கண்டார். அப்பொருளாலான குமிழ்த் தகடுகள் பிற்காலத்தில் நிலவறைச் சுவர்களில் பொருத்தப்பட்டன. குமிழ்கள் சுவரைத் தொட்டு நிற்க, தகட்டின் ஏனைய பகுதி சில மில்லிமீட்டர் விலகி நிற்கும். கசியும் நீர் அவ்விடைவெளியில் அழுத்தம் இழந்து கீழிறங்கிச் சுவரடி வாய்க்காலை அடையும்; பின் குழியொன்றில் சேரும்; அங்கிருந்து பம்பு அதனை வெளியேற்றும். 1990இல் வெளிவந்த பிரிட்டிஷ் தரநிலை 8102, நிலவறைக் காப்பு முறைகளை மூன்றாக வகுத்து, இவ்வடிகால் முறையை மூன்றாவதாக வைத்தது. 2009, 2022ஆம் ஆண்டுகளின் திருத்தப் பதிப்புகளிலும் அது நிலைபெற்றது.

எனினும், ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. விட்ருவியஸின் வாய்க்கால் தானே வடிந்தது. இன்றைய நிலவறைகள் பலவும் பம்பை நம்பி நிற்கின்றன. வண்டல் அடைத்தாலோ மின்சாரம் நின்றாலோ நீர் தரைமேல் எழும். ஆதலின், மாற்று மின்கலமும் எச்சரிக்கை மணியும் முறையான துப்புரவும் இன்றியமையாதவை. சட்டம் ஒருகாலத்தில் மூடிய நிலவறையை அறிவியல் மீண்டும் திறந்துள்ளது. அங்கே வாழ்வோரின் நலம், கண்ணுக்குப் புலப்படாத அவ்வாய்க்காலைப் பேணுவோரின் கடமையுணர்வைப் பொறுத்தே அமையும்.