தாம்பூலமும் புகையிலையும்: தென்னாட்டு வாய்ப்புற்றுச் சான்றுகளின் வரலாறு

தமிழர் வாழ்வில் வெற்றிலையும் பாக்கும் பெற்றுள்ள இடம் மிகப் பழமையானது. மாதரி மனையில் கோவலனுக்கு உணவு படைத்த கண்ணகி, அவன் உண்டெழுந்தபின் அவற்றை அளித்தாள் எனச் சிலப்பதிகாரம் கூறும். வெற்றிலைச் சுருளைத் திரையல் என்றும், பாக்கை அடைக்காய் என்றும் வழங்கியதை அவ்விடத்தால் அறிகின்றோம். சோழர் காலக் கோயிற் கல்வெட்டுகளில் திருவமுதோடு அடைக்காயமுதும் இலையமுதும் படைப்பதற்கு விடப்பட்ட நிவந்தங்கள் பல. இவற்றுள் புகையிலை இடம்பெறவில்லை, இடம்பெறுதலும் இயலாது. அமெரிக்க நிலத்துக்குரிய அச்செடி, போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பின்னரே இந்நாடு புகுந்தது.

புதிதாய் வந்த இவ்விலை நம்மவர் வழக்கில் எவ்வளவு ஆழ வேரூன்றியது என்பதற்கு இலக்கியச் சான்று உண்டு. சீனிச்சர்க்கரைப் புலவர் இயற்றிய புகையிலை விடு தூது, பழநி முருகனிடம் புகையிலையையே தூது போக்குகின்றது. மூவர்க்குள் எழுந்த வழக்கொன்றில் சிவனது வில்வமும் திருமாலது துளசியும் போய்விட, நான்முகனது இலை மட்டும் 'போகையிலை' என நிலைத்ததாக அதில் ஒரு கதை வருகின்றது. நகைச்சுவை கருதிக் கூறியதே எனினும், வேற்று நாட்டுச் செடியொன்றை வில்வத்தோடும் துளசியோடும் ஒருங்கு வைத்து எண்ணும் நிலை அக்காலத்தே வந்துவிட்டமை இதனாற் போதரும்.

அரசிற்கும் இவ்விலை பொருள் ஈட்டித் தந்தது. யாழ்ப்பாணத்தில் விளைந்த மெல்லும் புகையிலைக்குத் திருவிதாங்கூரே பெருஞ்சந்தையாய் விளங்கியது. அவ்வரசு புகையிலை வாணிகத்தைத் தன் தனியுரிமையாகவே நெடுங்காலம் வைத்திருந்தது. மாதவராவ் திவானாக இருந்தபோது, 1863 இல், அத்தனியுரிமை நீங்கி இறக்குமதி வரி வந்தது. வணிக வரலாற்றை இவ்வளவில் நிறுத்துவோம். கருவூலத்திற்கு வருவாய் தந்த அவ்விலையைப் பற்றி அதே நாட்டு மருத்துவமனையொன்று கண்டது யாது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

புகையிலைத் தீமை பற்றிய ஆராய்ச்சி என்றதும், 1950 இல் இங்கிலாந்தில் டாலும் ஹில்லும் வெளியிட்ட நுரையீரற்புற்று ஆய்வே பலர்க்கும் நினைவிற்கு வரும். தென்னாட்டு வாய்ப்புற்றைப் பற்றிய குறிப்புகளோ அதற்கு அரை நூற்றாண்டு முற்பட்டன. சென்னைப் பொது மருத்துவமனையிலிருந்து நிப்லாக் என்பார் 1902 இல் இந்நோய் பற்றி எழுதினார். 1908 இல் ஃபெல்ஸ் என்பார், தென்னிந்திய வாய்ப்புற்றிற்குச் செய்த 209 அறுவைகளை ஆராய்ந்து வெளியிட்டார். அதே ஆண்டில், திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோய்களைத் தொகுத்துப் பெண்டால் என்பார் ஒரு கட்டுரை வரைந்தார். பெண்டால் பணியாற்றிய இடம் நெய்யூர். இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள அச்சிற்றூரில் இலண்டன் மிஷன் நடத்திய மருத்துவமனைக்கு இவ்வரலாற்றில் தனியிடம் உண்டு. (எவரெஸ்ட் மலையேற்றங்களில் 1922 இலும் 1924 இலும் பங்கு கொண்ட சோமர்வெல், பின்னர் நெடுங்காலம் அறுவை மருத்துவராய் விளங்கியதும் அங்கேயே.) 1933 இல் ஆர் என்னும் மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோர்க்கு வரும் வாய்ப்புற்றின் காரணம், இயல்பு, மருத்துவம் ஆகிய மூன்றையும் ஒருங்கே ஆராய்ந்து லான்செட் இதழில் வெளியிட்டார்.

இம்மருத்துவர்தம் ஐயத்திற்கு நோய் தோன்றிய இடமே துணை செய்தது. மென்ற வெற்றிலையை ஈறுக்கும் கன்னத்திற்கும் இடையே நெடுநேரம் அடக்கி வைத்தல் இந்நாட்டார் வழக்கம். கட்டியும் பெரும்பாலும் அங்ஙனம் அடக்கிய கன்னத்திலேயே எழுந்தது. ஆயினும், நோயாளர் வெற்றிலை மெல்லுவோராய் இருந்தமை ஒன்றே கொண்டு காரணம் துணிதல் பொருந்தாது. ஊரில் நோயில்லாதாரும் மெல்லுவோரே அன்றோ? நோயாளரையும் நோயிலரையும் நிரல்பட ஒப்புநோக்கினாலன்றி அவ்வழக்கின் பங்கு விளங்காது. அத்தகைய ஒப்பீட்டைப் பம்பாயில் சாங்வி, ராவ், கனோல்கர் ஆகியோர் 1955 இல் வெளியிட்டனர். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையத்திலிருந்து சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் 1959 இல் வாய்ப்புற்றின் காரணங்களை ஆராய்ந்து எழுதினர். புகையிலை மெல்லுதலின் பங்கு இவற்றால் தெளிவாயிற்று.

காரணம் அறிந்தபின் தடுக்கும் வழி யாது? அறிவுரையால் மக்கள் பழக்கம் விடுவர் என்பது எளிதில் சொல்லப்படுவது, மெய்ப்பிக்க அரியது. எர்ணாகுளம், பவநகர், ஸ்ரீகாகுளம் ஆகிய மூன்று மாவட்டங்களில் புகையிலை பயன்படுத்துவோர் ஏறத்தாழ 36,000 பேரை ஐந்தாண்டு பின்தொடர்ந்து, குப்தா, மேத்தா முதலியோர் 1986 இல் முடிவு வெளியிட்டனர். ஒவ்வொருவரையும் நேரிற் கண்டு உரைத்தலோடு பொதுமக்கட் செய்தி வாயில்களையும் அவர்கள் பயன்படுத்தினர். அறிவுரை பெற்றோருள் பழக்கத்தை விட்டோரும் குறைத்தோரும் மிகுந்தனர். புற்றுக்கு முன்னறிகுறியாய் வாயில் தோன்றும் வெண்படலமும் புதிதாய்த் தோன்றுதல் குறைந்தது. ஒரு குறையும் உண்டு. ஒப்பீட்டிற்குக் கொண்டோர் அதே காலத்தவர் அல்லர். முன்னர் நடந்த ஆய்வொன்றில் இடம் பெற்றவர். இடைப்பட்ட ஆண்டுகளில் நாட்டில் தானே நிகழ்ந்த மாற்றம் எவ்வளவு என்பதை அவ்வாய்வால் பிரித்துரைக்க இயலாது. எனினும், சொல்லின் பயனை நோயின் அறிகுறியாலேயே அளக்க முற்பட்ட அவ்வாய்வை யாம் பெரிதும் மதிக்கின்றோம்.

நோயை முன்னரே கண்டறிதல் பற்றிய சான்று திருவனந்தபுரம் மாவட்டத்தினின்று வந்தது. பயிற்சி பெற்ற நலப்பணியாளர் வாயைக் கண்ணாற் பார்த்துச் சோதிக்கும் எளிய முறை 1996 முதல் அங்கு ஆராயப்பட்டது. சோதனைக்குரிய 96,517 பேருள் 87,655 பேர் பார்க்கப்பட்டனர். 2005 இல் வெளிவந்த முடிவின்படி, புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோருள் வாய்ப்புற்றால் நேரும் இறப்பு 34 விழுக்காடு குறைந்தது. மக்கள் அனைவரையும் சேர்த்து நோக்கியபோதோ, வேறுபாடு உறுதிப்படவில்லை. பழக்கமுடையாரைத் தேடிச் சென்று பார்ப்பதிலேயே அம்முறையின் பயன் அடங்கியுள்ளது.

இனி, தமிழ் பயில்வோர்க்கு உவப்பற்ற செய்தி ஒன்று. வெற்றிலைச் செல்லமின்றித் தமிழாசிரியரை எண்ணிப் பார்க்க இயலாத தலைமுறை ஒன்று இருந்தது. பின்னாளில் வந்த புகையிலையே குற்றவாளி, பழந்தமிழர் தாம்பூலம் தூயது என்று அமைதி கொண்டோர் அவருட் பலர். யாமும் அவ்வாறு கருதியதுண்டு. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985 இல் புகையிலை கலந்த வெற்றிலையையே புற்றுக்குக் காரணமெனத் துணிந்தது. கலவாததைப் பற்றி அன்று போதிய சான்று இல்லை. 2004 இல் அவ்வமைப்பு, புகையிலை கலவாத தாம்பூலமும், அதிலுள்ள பாக்குமே கூடப் புற்று விளைப்பன என முடிவு செய்தது. இம்முடிவிற்கு நம் நாட்டுச் சான்று முழுதும் உதவவில்லை. இங்கே வெற்றிலை மெல்லுவோருட் பெரும்பாலோர் புகையிலையும் சேர்த்தே மென்றமையால், பாக்கின் பங்கைத் தனித்துப் பிரித்தல் அரிதாயிருந்தது. பாக்கோடு புகையிலை சேர்க்கும் வழக்கமே இல்லாத தைவானிலிருந்தே வலிமையான சான்றுகள் வந்தன.