அன்பும் நிபந்தனையும்: முதியோரின் தானசெட்டில்மெண்ட் பத்திரங்களும் 23ஆம் பிரிவும்

தமிழ்நாட்டில் ஒரு வீட்டைக் கிரயம் செய்துகொள்பவர் முத்திரைத் தீர்வையாக 7 விழுக்காடும் பதிவுக் கட்டணமாக 2 விழுக்காடும் கட்டுகிறார். அதே வீட்டைத் தந்தை மகனுக்கோ மகளுக்கோ தானசெட்டில்மெண்டாக எழுதிக் கொடுத்தால் இரண்டும் தலா 1 விழுக்காடுதான். அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலைக்கு முன் அது 25,000 ரூபாயும் 4,000 ரூபாயுமாக இருந்தது. அதன்பின் 40,000, 10,000 என்று உயர்ந்தது. ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்குக் கிரயத்தில் 9 லட்சம் செலவாகும் என்றால், குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு 50,000 போதும். உயில் எழுதினால் இந்தச் செலவும் இல்லைதான். ஆனால் உயில் இறந்தபின்தான் பேசும். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், பங்காளிகள் வழக்குப் போடலாம். சென்னை நகரச் சொத்து என்றால் புரொபேட் வாங்க வேண்டும் என்ற விதி வேறு நெடுங்காலம் இருந்தது. ஆகவே, பிள்ளைகளின் வற்புறுத்தலாலோ தம் விருப்பத்தாலோ, உயிரோடிருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது.

இந்தப் பத்திரங்களின் வாசகம் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். உம்மேல் எனக்குள்ள அன்பு பாசத்தின் பேரில் எழுதிக் கொடுக்கிறேன், இன்றுமுதல் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது, இதை எக்காரணம் கொண்டும் ரத்து செய்ய எனக்கு உரிமையில்லை என்ற மூன்று கருத்துகள் தவறாமல் இடம்பெறும். என்னைக் கடைசிவரை வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்ற வரி பெரும்பாலும் இருக்காது. அதை எழுதச் சொல்லப் பெற்றோருக்குக் கூச்சம். எழுதினால் பிள்ளைக்கு மனத்தாங்கல். ஆவண எழுத்தரின் மாதிரிப் படிவத்திலும் அது இல்லை. அந்த வரி இல்லாத பத்திரத்தை, பிள்ளை கைவிட்டபின், ரத்து செய்ய முடியுமா? கடந்த சில ஆண்டுகளில் உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் இந்தக் கேள்விக்கு ஒன்றோடொன்று ஒட்டாத விடைகளைத் தந்திருக்கின்றன.

சட்டத்தின் வாசகத்திலிருந்து தொடங்குவோம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007இன் 23(1)ஆம் பிரிவு இரண்டு தேவைகளை வைக்கிறது. ஒன்று, தமக்கு அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் பெறுபவர் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டு மூத்த குடிமகன் சொத்தை மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டு, பெற்றவர் அதைச் செய்ய மறுத்திருக்க வேண்டும் அல்லது தவறியிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அந்த மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ தகாத செல்வாக்காலோ நடந்ததாகக் கருதப்பட்டு, முதியவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதைச் செல்லாது என்று அறிவிக்கும். தமிழ்நாட்டில் அந்தத் தீர்ப்பாயம் வருவாய்க் கோட்டாட்சியரின் தலைமையில் இயங்குவது. விசாரணை சுருக்கமுறையில் நடக்கும். 17ஆம் பிரிவு வழக்கறிஞர்களை விலக்குகிறது. 27ஆம் பிரிவு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரத்தைத் தடுக்கிறது.

முதியவருக்கு இதைவிட எளிய வழி கிடையாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சார்பதிவாளரிடம் போய்த் தாமாகவே ஒரு ரத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். ஒருதலைப்பட்சமான அத்தகைய ரத்தைப் பதிவாளர் ஏற்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. சொத்து மாற்றச் சட்டம், 1882இன் 126ஆம் பிரிவுப்படி, இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட நிபந்தனையோ, மோசடி, வற்புறுத்தல் போன்று ஒப்பந்தத்தையே ரத்து செய்யத் தகுந்த காரணமோ இருந்தாலொழியக் கொடையைத் திரும்பப் பெற இயலாது. ஆக, நிபந்தனை எழுதாத பெற்றோருக்கு 23ஆம் பிரிவுதான் நடைமுறையில் மிஞ்சும் வாசல்.

அந்த வாசல் எவ்வளவு அகலமானது? கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2020இல், நிபந்தனை பத்திரத்திலேயே வெளிப்படையாக இருக்க வேண்டும் என்றது. 2022 டிசம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கவுல், அபய் எஸ். ஓகா அமர்வு, விடுதலைப் பத்திரம் ஒன்று குறித்த வழக்கில், நிபந்தனை இருந்தது என்பதைத் தீர்ப்பாயத்தின் முன் நிறுவியாக வேண்டும் என்று கூறியது. நெருங்கிய உறவினருக்குச் சொத்தைக் கொடுக்கும்போது பராமரிப்பு நிபந்தனை எப்போதும் கூடவே வருவதில்லை. அன்பின் பேரில், கைம்மாறு எதிர்பாராமல் கொடுப்பதும் அடிக்கடி நடப்பதே என்பது அந்த அமர்வின் கருத்து.

சென்னை உயர் நீதிமன்றம் எதிர்த்திசையில் நடந்தது. 2023இல் திருப்பூர் வழக்கொன்றில் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியமும், 2025 மார்ச்சில் நாகப்பட்டினம் வழக்கில் அவரும் நீதிபதி கே. ராஜசேகரும் கொண்ட அமர்வும், பத்திரத்திலுள்ள அன்பு பாசம் என்ற சொற்களே பராமரிப்பு நிபந்தனையை உள்ளடக்கியவை என்று தீர்ப்பளித்தார்கள். உச்ச நீதிமன்றம் நிபந்தனையின்மைக்கு அடையாளமாகக் கண்ட அதே அன்பை, சென்னை நிபந்தனையின் ஆதாரமாகக் காண்கிறது.

இந்த முரண் 2025 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பால் தீர்ந்துவிட்டதாகப் பரவலாகப் பேசப்படுகிறது. நான் அப்படிப் படிக்கவில்லை. மத்தியப் பிரதேசத்தின் சத்தர்பூரிலிருந்து வந்த அந்த வழக்கில், தாய் மகனுக்கு 2019இல் கொடைப் பத்திரம் எழுதினார். தாயைக் கடைசிவரை கவனித்துக்கொள்வதாகவும், தவறினால் அவர் சொத்தைத் திரும்பப் பெறலாம் என்றும் மகன் தனியே எழுதிக் கொடுத்த உறுதிமொழிச் சீட்டு தாயிடம் இருந்தது. அது புனையப்பட்டது என்று மகன் வாதாடினார். நீதிபதிகள் சி.டி. ரவிக்குமார், சஞ்சய் கரோல் அமர்வு, இது நலன் காக்கும் சட்டம், இதன் நோக்கத்துக்கு ஏற்பத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி, இரண்டு ஆவணங்களையும் சேர்த்துப் படித்துக் கொடையை ரத்து செய்தது. சொத்தின் சுவாதீனத்தைத் திரும்ப ஒப்படைக்கத் தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்றும் கூறியது. ஆனால் அங்கே நிபந்தனை ஏதோ ஒரு தாளில் எழுத்தாக இருந்தது. 2022 தீர்ப்பின் இரண்டு தேவைகளையும் அந்த அமர்வு மறுக்கவில்லை; அவை நிறைவேறியதாகத்தான் கண்டது. தாராளமாகப் பொருள்கொள்வது வேறு, சட்டம் வைத்த இரு தேவைகளில் ஒன்றை ஊகத்தால் நிரப்புவது வேறு. சென்னைத் தீர்ப்புகள் இரண்டாவதைச் செய்கின்றன.

அவற்றின் நியாயத்தை மறுப்பதற்கில்லை. வயதான தாயொருத்தி கடைசி வீட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்கப் போகிறேன் என்று எண்ணிக் கையெழுத்திடுவதில்லை. சோறும் மருந்தும் ஒரு மூலையும் கிடைக்கும் என்பது அவள் மனத்தில் இருக்கும். அதைச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் அந்த எதிர்பார்ப்பு இல்லாததல்ல. சொல்லத் தேவையே இல்லை என்ற நம்பிக்கைதான். எழுத்தில் இருப்பதற்கு எதிராக வாய்மொழிச் சாட்சியம் கூடாது என்ற சாட்சியச் சட்டத்தின் பழைய விதியை இங்கே இறுக்கிப் பிடித்தால், 23ஆம் பிரிவு படித்தவர்களுக்கும் வழக்கறிஞர் வைத்து எழுதியவர்களுக்கும் மட்டுமே பயன்படும் சலுகையாகச் சுருங்கும். கேரள முழு அமர்வின் நிலைப்பாட்டில் எனக்குள்ள தயக்கம் இதுவே.

சென்னையின் வழி, ஆனாலும், செலவை வேறொருவர் தலையில் வைக்கிறது. அன்பு பாசம் என்ற சொற்கள் இல்லாத குடும்பச் செட்டில்மெண்ட் அரிது. அவையே நிபந்தனை என்றால், 2007 சட்டம் நடைமுறைக்கு வந்தபின் முதியவர் எழுதிய ஒவ்வொரு செட்டில்மெண்டும் அவர் வாழ்நாள் முழுதும் ரத்தாகக் கூடியது. ஆவணத்தை ரத்து செய்யக் கோரும் உரிமையியல் வழக்குக்குக் கால வரம்புச் சட்டத்தின் 59ஆம் உறுப்பு மூன்றாண்டு கெடு வைக்கிறது. 23ஆம் பிரிவு எந்தக் கெடுவும் வைக்கவில்லை. மகனிடமிருந்து அந்த வீட்டை முழு விலை கொடுத்து வாங்கியவர் என்ன ஆவார்? அதை அடமானமாக வைத்துத் தொழில் கடன் கொடுத்த வங்கி என்ன செய்யும்? தந்தை பெயரிலுள்ள பட்டறையையோ கிடங்கையோ மகன் பெயருக்கு மாற்றி, அதன்மேல் கடன் வாங்கி விரிவாக்குவது சிறு தொழில் குடும்பங்களில் வழக்கமான ஏற்பாடு. வில்லங்கச் சான்றில் செட்டில்மெண்ட் தெரியும். அதற்குள் நீதிமன்றம் படிக்கப்போகும் நிபந்தனை தெரியாது.

இந்தக் கவலை சட்டமியற்றியவர்களுக்குத் தெரியாததல்ல. 126ஆம் பிரிவின் இறுதிப் பகுதி, விவரம் அறியாமல் விலை கொடுத்து வாங்கியவரைக் காக்கிறது. 2007 சட்டத்தின் 23(2)ஆம் உட்பிரிவும், ஒரு சொத்திலிருந்து பராமரிப்புப் பெறும் உரிமையை, அதை அறியாமல் விலை கொடுத்து வாங்கியவருக்கு எதிராகச் செலுத்த முடியாது என்கிறது. 23(1)இல் மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. எழுதப்பட்ட நிபந்தனையையே நாடாளுமன்றம் மனத்தில் வைத்திருந்தது என்பதற்கு இந்த மௌனத்தையே நான் சான்றாகக் கொள்கிறேன். நிபந்தனை பத்திரத்தில் இருந்தால் வாங்குபவர் படித்துத் தெரிந்துகொள்வார். தனியே ஒரு காப்பு வாசகம் தேவையில்லை. நிபந்தனை மனத்தில் இருந்தால் போதும் என்று ஆக்கியபின் அந்த மௌனம் ஆபத்தாகிறது.

நாகப்பட்டினம் வழக்கு இன்னொரு சிக்கலையும் காட்டுகிறது. அங்கே செட்டில்மெண்ட் பெற்ற மகன் இறந்துபோனார். கவனிக்கவில்லை என்ற புகார் மருமகள் மீது. பிள்ளைகள் என்பதற்கு இச்சட்டம் தரும் விளக்கத்தில் மகன், மகள், பேரன், பேத்தி உண்டு; மருமகள் இல்லை. மகனுக்கு விதித்ததாக ஊகித்த நிபந்தனை அவர் விதவைமீதும் தொடர்கிறது என்றால் அதற்குத் தனிக் காரணம் சொல்லப்பட வேண்டும். இச்சட்டத்தைக் கொண்டு ஒரு பெண்ணின் குடும்ப வன்முறைச் சட்டப்படியான இருப்பிட உரிமையை வீழ்த்தலாகாது என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2020 டிசம்பரில் எச்சரித்திருந்தது. அதற்கும் இதற்கும் உண்மைகள் வேறு. ஆனால் வழக்கறிஞர் இல்லாத சுருக்கமுறை விசாரணையில், சொத்துரிமைச் சிக்கல்களை வருவாய் அலுவலர் ஒருவர் அவிழ்க்கும்போது, எந்தப் பெண் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்பது தற்செயலாகிவிடும். சட்டத்தின் வாசகப்படி மேல்முறையீட்டு உரிமையும் முதியவருக்கே; தோற்ற மற்றவர் உயர் நீதிமன்றத்துக்கு ரிட் மனுவோடு ஓட வேண்டும்.

முதியவர்கள் ஏன் இத்தனை வேகமாக 23ஆம் பிரிவை நாடுகிறார்கள் என்பதற்கு ஒரு பணக் காரணம் உண்டு. பிள்ளைகளிடம் மாதப் பராமரிப்புக் கேட்பதற்குச் சொத்து எதுவும் கொடுத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் 9ஆம் பிரிவு அதற்கு மாதம் 10,000 ரூபாய் என்ற உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2007இல் நிர்ணயித்த தொகை அது. வரம்பை நீக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமாகி, நிறைவேறாமலே காலாவதியானது. கோடி ரூபாய் வீட்டைக் கொடுத்தவருக்குச் சட்டம் அதிகபட்சம் பத்தாயிரம் தரும் என்றால், அவர் வீட்டையே திருப்பிக் கேட்பதில் வியப்பில்லை. பராமரிப்பின் வரம்பைத் தளர்த்தினால் ரத்துக் கோரிக்கைகள் குறையும் என்றே நினைக்கிறேன்.

திருத்தம் வரும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியதும் உண்டு. வீட்டை எழுதிக் கொடுக்கும்போதே ஆயுட்கால அனுபவ உரிமையைத் தம்மிடம் நிறுத்திக்கொள்ளலாம். சுவாதீனத்தையும் அனுபவத்தையும் கொடையாளர் வைத்துக்கொண்டாலும் பதிவான கொடை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஜூலையிலேயே தெளிவாக்கிவிட்டது. இப்படி எழுதினால் வங்கி எளிதில் கடன் தராது, வாங்க ஆள் வராது, பிள்ளை முகம் சுளிக்கும் என்பார்கள். உண்மைதான். அந்தத் தயக்கங்கள் பத்திரம் எழுதும் நாளிலேயே வெளிப்படுவது, பதினைந்து ஆண்டு கழித்துக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் வெளிப்படுவதைவிட எல்லாருக்கும் நல்லது.

பதிவுத் துறை ஒன்றைச் செய்யலாம். 60 வயது கடந்தவர் எழுதும் ஒவ்வொரு செட்டில்மெண்டிலும், பராமரிப்பு நிபந்தனை உண்டா இல்லையா என்பதை எழுதிக் கொடுப்பவர் தம் கையால் குறிக்கும் ஒரு பத்தியைச் சேர்த்து, அந்தக் குறிப்பை வில்லங்கச் சான்றிலும் காட்டலாம். நிபந்தனை வேண்டாம் என்று குறிப்பவரிடம் சார்பதிவாளர் தனியே, பெறுபவர் அறையில் இல்லாதபோது, ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். நாடாளுமன்றம் செய்ய வேண்டியது 23(1)இல் இரண்டு வாசகங்களைச் சேர்ப்பது. விவரம் அறியாமல் விலை கொடுத்து வாங்கியவருக்கும் கடன் கொடுத்தவருக்கும் பாதுகாப்பு ஒன்று. அத்தகைய சமயங்களில் சொத்துக்குப் பதிலாக அதன் மதிப்பைக் கைவிட்ட பிள்ளையிடமிருந்து வசூலித்து முதியவருக்குத் தரும் அதிகாரம் மற்றொன்று.

அதுவரை, 2022 தீர்ப்பும் 2025 தீர்ப்பும் இரு நீதிபதிகள் அமர்வுகள் வழங்கியவையே என்பதால், எழுதப்படாத நிபந்தனை போதுமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றம் பெரிய அமர்வொன்றின்முன் வைத்துத் தீர்க்க வேண்டும்.