ஸ்ரீவில்லிபுத்தூர் டிரிப்: ஒரே நாளில் கோபுரமும் மலையும்... கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

தீபாவளி நெருங்கினால் வெளியூர்க்காரர்கள் பட்டாசு வாங்க சிவகாசிக்குப் படையெடுப்பது வழக்கம். வாங்கியதும் அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் மேற்கே போனால் ஆழ்வார்கள் காலத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிறது. அதற்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. ஊரை எப்போ வேணும்னாலும் சுற்றலாம். மலை அப்படி இல்லை.

ஊருக்குள் என்ன பார்க்கலாம்?

முதலில் ஆண்டாள் கோயில். 11 நிலைகள், 192 அடி உயரம் கொண்ட ராஜகோபுரம் தூரத்திலேயே தெரியும். பாண்டிய மன்னன் சபையில் கிடைத்த பொற்கிழியைக் கொண்டு பெரியாழ்வார் கட்டியது என்பது கோயில் வரலாறு. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது இந்தக் கோபுரம்தான் எனப் பலரும் சொல்கிறார்கள். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம் என்று சொல்பவர்களும் உண்டு.

12 ஆழ்வார்களில் பெரியாழ்வார், ஆண்டாள் இருவரும் பிறந்த ஊர் இது. துளசிச் செடியின் கீழ் ஆண்டாள் கிடைத்ததாகச் சொல்லப்படும் நந்தவனத்தையும், வடபத்ரசாயி சன்னதியையும், நாயக்கர் காலத்துத் தூண் சிற்பங்களையும் தவறவிடாதீர்கள். ஆண்டாள் கையில் இருக்கும் பச்சைக் கிளி தினமும் இலைகளால் புதிதாகச் செய்யப்படுகிறது. ஆண்டாள் சூடிய மாலை திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும், சித்திரைத் திருவிழாவில் மதுரை அழகருக்கும் போகிறது. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போவது நல்லது.

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று ஊரே நிரம்பி வழியும். நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் வேறு நாளில் வரலாம்.

அடுத்து, மடவார்வளாகம் வைத்தியநாதசுவாமி கோயில். திருமலை நாயக்கரின் வயிற்று வலி இங்கே தீர்ந்ததாக ஐதீகம். அவர் பெயரில் ஊருக்குள் ஒரு பழைய அரண்மனையும் உண்டு. திரும்பும்போது பால்கோவா. 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது இது.

விருதுநகர், சிவகாசி வழியாக வருபவர்கள் திருத்தங்கலில் இறங்கலாம். ஒரே குன்றில் பெருமாள் கோயிலும் சிவன் கோயிலும் இருக்கின்றன. நின்ற நாராயணப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று.

மலைப்பக்கம் எங்கே போகலாம்?

செண்பகத்தோப்பு: ஊரிலிருந்து சில கிலோமீட்டரில் மலையடிவாரம். சாம்பல் நிற அணில்களுக்காக 1988-ல் சரணாலயம் அறிவிக்கப்பட்ட காடு இதுதான். காட்டழகர் கோயிலும் மீன்வெட்டிப்பாறை அருவியும் காட்டுக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதி வேண்டும்.

பிளவக்கல்: வத்திராயிருப்பு அருகே பெரியாறு, கோவிலாறு என இரண்டு அணைகள். மலையைப் பின்னணியாகப் பார்க்க சரியான இடம். நடக்க முடியாத பெரியவர்களுக்கும் ஏற்றது.

அய்யனார் அருவி: ராஜபாளையத்துக்கு மேற்கே சுமார் 10 கிலோமீட்டர். மழைக்காலத்தில் மட்டுமே நல்ல தண்ணீர்.

சதுரகிரி: தாணிப்பாறையிலிருந்து மலையேறி சுந்தர மகாலிங்கம் கோயிலுக்குப் போக வேண்டும். வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை எனப் பாதை கரடுமுரடு. ஏறவே மூன்று, நான்கு மணி நேரம் ஆகலாம். ஒரு நாள் டிரிப்பில் இதை ஊருடன் சேர்க்க வேண்டாம், தனி நாள் ஒதுக்குங்கள்.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?

காரணம் இரண்டு. ஒன்று, தண்ணீர். சதுரகிரி பாதை ஓடைகளைக் கடந்து போகிறது. அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மழை பெய்தால், ஓடையில் சில நிமிடங்களில் வெள்ளம் வந்துவிடும். 2015 மே மாதம் அப்படி வந்த வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தனர். அதனால்தான் மழை எச்சரிக்கை வந்தாலே மலையேறத் தடை விதிக்கிறார்கள். பட்டாசு சீசனும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே நேரத்தில் வருவதை மறக்க வேண்டாம்.

இரண்டு, காடு. 2021 பிப்ரவரியில் இந்தப் பகுதி ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமானது. நாட்டின் 51-வது, தமிழகத்தின் 5-வது புலிகள் காப்பகம் இது. யானை நடமாட்டமும் உண்டு.

கவனிக்க வேண்டியவை

* கிளம்பும் அன்று காலையில் அனுமதி உண்டா என வனத்துறையிடம் கேளுங்கள். பழைய யூடியூப் வீடியோவை நம்பிப் போகாதீர்கள்.
* ஓடையில் தண்ணீர் கலங்கினாலோ, சத்தம் கூடினாலோ இறங்காதீர்கள். அக்கரையில் சிக்கினால் மேடான இடத்தில் காத்திருங்கள்.
* பட்டாசு வாங்குவதை டிரிப்பின் கடைசியில் வையுங்கள். காட்டுக்குள் தீப்பற்றும் பொருளுக்கு அனுமதி கிடையாது. ரயிலில் பட்டாசு கொண்டுபோவதும் குற்றம்.
* பிளாஸ்டிக் பாட்டில், கவர் வேண்டாம்.

எப்படிப் போவது?

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 75 கிலோமீட்டர், பஸ் வசதி உண்டு. சென்னையிலிருந்து செங்கோட்டை போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் இங்கே நிற்கும். காலையில் கோயில், மாலையில் பிளவக்கல் அல்லது செண்பகத்தோப்பு அடிவாரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் போதும். மழை வந்து மலையை மூடிவிட்டால் கவலை வேண்டாம், கோயிலும் பால்கோவாவும் எங்கேயும் போகாது.