யானைத்தீ: தீராப் பசி நோயின் வரலாறு

சென்னைப் பெசன்ட் நகரில் டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம் இருக்கிறது. 1943-ஆம் ஆண்டு ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் அடையாற்றில் தொடங்கப்பெற்றது அது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இயங்குகிறது. அரபு, பாரசீக, உருதுச் சுவடிகளையும் அது காத்து வருகிறது. இந்த இரண்டு இடங்களும் காக்கும் தமிழ் மரபும் அரபு மரபும் ஒரே நோயைத் தனித்தனியே கண்டு, தனித்தனியே பெயரிட்டு வைத்திருக்கின்றன. எவ்வளவு உண்டாலும் அடங்காத பசியே அந்த நோய்.

தமிழில் அதற்கு யானைத்தீ என்று பெயர். 1898-இல் சாமிநாதையர் பதிப்பித்த மணிமேகலை வாயிலாக அச்சொல் நமக்கு மீண்டும் கிடைத்தது. வானவழி செல்லும் வித்தியாதரப் பெண்ணான காயசண்டிகை, கணவன் காஞ்சனனுடன் பொதியிலைக் காண வந்தவள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் உண்ணும் விருச்சிக முனிவனுக்கு உரிய நாவற்கனியைக் காலால் சிதைத்துவிடுகிறாள். முனிவனின் சாபத்தால் யானைத்தீ அவளைப் பற்றுகிறது. வானில் செல்லும் மந்திரமும் மறந்துபோகிறது. கணவன் கொணர்ந்து குவித்த காயும் கனியும் கிழங்கும் அவள் பசியைத் தணிக்கவில்லை. அன்று குரங்குகள் எறிந்த மலைகள் கடலில் மறைந்ததுபோல, உண்டவை எல்லாம் தன் வயிற்றில் மறைந்துபோகின்றன என்று அவளே சொல்கிறாள்.

இதில் நம் கவனத்துக்குரியது சாபம் அன்று. காப்பியம் அவளை நடத்தும் முறை. புகார் நகரில் அவள் வீதிவீதியாக அலைந்தபோதும் புலவர் அவளைப் பெருந்தீனிக்காரி என்று எள்ளவில்லை. அவள் தன் வரலாற்றைத் தானே எடுத்துரைக்க இடம் தருகிறார். ஆதிரை இட்ட பிச்சையால் நிறைந்த அமுதசுரபியிலிருந்து ஒரு கைப்பிடி பெற்றதும் அவள் பசி நீங்குகிறது.

ஆயுர்வேதம் இந்நோயைப் பஸ்மகம் என்றழைத்தது. உண்டதையெல்லாம் சாம்பலாக்கிவிடும் வயிற்றுத்தீ என்பது அதன் கருத்து. தென்னகத்துச் சமண ஆசாரியர் சமந்தபத்திரர் இந்நோய்க்கு ஆளானார் என்பது சமணர் மரபு. நோன்பிருந்து உயிர்விட அவர் வேண்டியபோது குரு இசையவில்லை. ஆகவே அவர் மாற்றுக்கோலம் பூண்டு, ஒரு சிவன் கோயிலில் படைக்கப்பட்ட உணவைத் தாமே உண்டு நோய் தீர்ந்தார் என்பர். துறவியே ஆனாலும் நோய் வந்தபின் உண்ணத்தான் வேண்டும் என்பதை அக்கதை ஒப்புக்கொள்கிறது.

இனி அரபு உலகம். அங்கே இரு குரல்கள் கேட்கின்றன. இலக்கியவாணர்கள் பெருந்தீனியை நகைப்புக்குரியதாக்கினர். ஜாஹிழின் ‘கஞ்சர்கள்’ நூலிலும், உமய்யாக் கலீஃபா சுலைமான் பின் அப்துல் மலிக்கின் உணவு வேட்கை பற்றி வரலாற்றாசிரியர்கள் எழுதியவற்றிலும் அந்த நகைப்பைக் காணலாம். மருத்துவர்கள் நகைக்கவில்லை. கிரேக்க நூல்களை அரபுக்குக் கொணர்ந்த காலத்திலேயே பசி நோய்களுக்குத் தனிப்பெயர்கள் வந்துவிட்டன. ஒன்று ‘அஷ்ஷஹ்வத்துல் கல்பிய்யா’, அதாவது நாய்ப்பசி. மற்றொன்று ‘அல்ஜூஉல் பகரீ’, மாட்டுப்பசி. (அவர்களுக்கு நாயும் மாடும், நமக்கு யானை. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்னும் பழமொழி உள்ள நாட்டில் வேறு விலங்கைத் தேட வேண்டியதில்லை.)

இப்னு ஸீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ நூலின் மூன்றாம் பகுதியில், இரைப்பை நோய்களைச் சொல்லுமிடத்தில் இவ்விரண்டையும் வேறுபடுத்துகிறார். நாய்ப்பசியில் வேட்கை மிகும், உண்டும் அடங்காது. இரைப்பையின் வாயில் சேரும் குளிர்ச்சி, புளிப்பான கரும்பித்தம், குடற்புழு, உடலின் சத்து மிகுதியாகக் கரைந்துபோதல் ஆகியவற்றை அவர் காரணங்களாக ஆராய்கிறார். மாட்டுப்பசியில் இரைப்பை உணவை மறுக்கும், உறுப்புகளோ பசித்திருக்கும். பேராசை, ஒழுக்கக்கேடு என்னும் சொற்களுக்கு இந்த ஆய்வில் இடமில்லை.

உடலில் கொழுப்பு நிறைந்திருந்தும் மூளை அதைப் பட்டினியாக உணரும் நோய்களை இன்றைய மருத்துவம் அறியும். ‘உறுப்புகள் பசித்திருக்கின்றன’ என்ற இப்னு ஸீனாவின் சொல்லைக் காட்டி, ‘எல்லாம் நம் நூல்களில் முன்பே உண்டு’ என்று மார்தட்ட நம்மிற் சிலர் விரும்புவர். அது சரியன்று. அவர் பேசியது நான்கு கலவைகளின் மருத்துவம். ஹார்மோனை அவர் அறியார். நோயாளியைக் குற்றவாளியாகக் காணாத அவருடைய பார்வையே நாம் பெறவேண்டிய செல்வம்.

1956-இல் சூரிச் நகரில் பிராடர், லாபார்ட், வில்லி என்னும் மருத்துவர் மூவர் ஒரு நோய்த்தொகுதியை விவரித்தனர். பிராடர்-வில்லி நோய் என்று அது இன்று வழங்குகிறது. பிறந்த குழந்தை தளர்ந்து கிடக்கும். பால் உறிஞ்சவும் வலுவிராது. பாலூட்ட முடியாமல் அழுத அதே தாய், சில ஆண்டுகள் கழித்து அடுக்களைக்குப் பூட்டுப் போட வேண்டிவரும். பதினைந்தாம் குரோமோசோமில் தந்தைவழி வந்து செயற்பட வேண்டிய ஒரு பகுதி இல்லாதிருப்பதே காரணம். தாய்வழிப் பகுதி இயல்பாகவே அங்கு ஊமையாக இருப்பதால் ஈடுசெய்ய ஒன்றுமில்லை. மூளையின் ஹைப்போதலாமஸ் ‘போதும்’ என்னும் செய்தியைக் கேட்பதில்லை. இந்நோயருக்கு வாந்தி எளிதில் வராது; வலியும் குறைவாகவே தெரியும். அளவின்றி உண்டு இரைப்பை கிழிந்து இறந்தவர்களும் உண்டு. பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதன்று. கரு உருவாகும்போது நேரும் பிழை. தாயின் வளர்ப்பையோ பெற்றோரின் உறவுமுறையையோ பழிப்பதற்கு இதில் இடமே இல்லை.

லெப்டின் குறைபாடு வேறு வகை. கொழுப்புத் திசுவிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்லும் அந்த ஹார்மோனை 1994-இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டறிந்தனர். மூன்றாண்டில், பிறவியிலேயே அது இல்லாத இரு குழந்தைகளைக் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் அறிவித்தனர். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. இரண்டு வயதுச் சிறுவனுடையது 29 கிலோ. பாகிஸ்தானிய வழிவந்த குடும்பத்தின் பிள்ளைகள் அவர்கள்; பெற்றோர் நெருங்கிய உறவினர். ஒரு சிறுமிக்கு நாள்தோறும் லெப்டின் ஊசி செலுத்தியதும் அவளது பசி இயல்பாகியது. ஓராண்டில் ஏறத்தாழ 16 கிலோ குறைந்தது. இம்முடிவு 1999-இல் வெளிவந்தது. அதுவரை அவளைத் ‘தின்னி’ என்றவர்கள் எதைப் பழித்திருக்கிறார்கள் என்பதை அந்த ஊசி காட்டிவிட்டது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்தால்தான் இந்நோய் தோன்றும். உறவுத் திருமணத்தில் அதற்கு வாய்ப்பு மிகுதி. மாமன் மகளையும் சித்தப்பா மகளையும் மணப்பதை மார்க்கம் அனுமதித்திருக்கிறது, கட்டளையிடவில்லை. குடும்பத்தில் இத்தகைய குழந்தை ஒன்று பிறந்தபின் மீண்டும் உறவுக்குள் சம்பந்தம் பேசுமுன் மரபியல் ஆலோசனை பெறுவது அறிவுடைமை. அதற்காக நம் சென்னைவாசிகள் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. கருவிலேயே பிறவிக் குறைகளைக் கண்டறியும் மெடிஸ்கேன் போன்ற நிலையங்கள் மயிலாப்பூரிலேயே இருக்கின்றன.

நம் வீடுகளில் இக்குழந்தைகள் மீது மற்றொரு சுமையும் ஏறுகிறது. இறைநம்பிக்கையாளர் ஒரு குடலிலும் மறுப்பவர் ஏழு குடல்களிலும் உண்பர் என்ற கருத்துள்ள நபிமொழியைச் சொல்லிப் பிள்ளையைக் கடிந்துகொள்வோர் உளர். அந்நபிமொழிக்கு இமாம் நவவி (ரஹ்) பல விளக்கங்களைத் தொகுத்துத் தருகிறார்கள்; அது குறிப்பிட்ட ஒரு மனிதரைப் பற்றியது என்பதும் அவற்றுள் ஒன்று. நோயாளியின் ஈமானை அளக்கும் கோலாக அதைக் கொள்ள அவ்விளக்கங்கள் துணைசெய்யா.

உணவைத் திருடும் பிள்ளை பற்றிப் பேசுவோர் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியை நினைவுகூரட்டும். ஹிஜ்ரி 18-இல், ‘ரமாதா’ என்னும் பஞ்ச ஆண்டில், திருட்டுக்கான தண்டனையை அவர்கள் நிறுத்திவைத்தார்கள். ஹாதிப் (ரலி) அவர்களின் அடிமைகள் பிறர் ஒட்டகத்தைத் திருடி அறுத்துத் தின்ற வழக்கு ‘முவத்தா’வில் இருக்கிறது. எசமானர் அவர்களைப் பட்டினி போட்டிருக்கிறார் என்று கண்ட கலீஃபா, அடிமைகளைத் தண்டியாது, 400 திர்ஹம் மதிப்புள்ள ஒட்டகத்துக்கு 800 திர்ஹத்தை அந்த எசமானரே தரச் செய்தார்கள். அங்கே பசி வெளியிலிருந்து வந்தது. இங்கே மரபணுவிலிருந்து வருகிறது. பசித்தவனுக்கு இரண்டும் ஒன்றே.

பிராடர்-வில்லி நோயின் தீராப் பசிக்கென 2025 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முதன்முறையாக ஒரு மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. டையசாக்சைடு கோலின் என்பது அதன் பெயர். அது பசியைக் குறைக்கும், மரபணுவை மாற்றாது. எனவே நேரந்தவறாத அளவான உணவும், பூட்டிய அடுக்களையும், பூட்டுக்குக் கோபம் காரணமல்ல என்று பிள்ளைக்குப் புரியவைக்கும் பொறுமையும் இன்னும் தேவைப்படுகின்றன. ரமழானில் இந்தச் சிக்கல் இரட்டிக்கிறது. இஃப்தார் விரிப்பில் கஞ்சியும் வடையும் பேரீச்சையும் பரப்பியிருக்க, ஒரு பிள்ளையை மட்டும் கணக்காக உண்ணச் சொல்வது எளிதன்று. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டென்பதை அல்பகரா அத்தியாயம் தெளிவாக்குகிறது. ஆனால் பருவமடைந்து, தொழுகையை ஓரளவு அறிந்து, பசியை மட்டும் ஆளமுடியாத ஒருவர் எந்த வரையறைக்குள் வருகிறார், அவருக்கு ஃபித்யா உண்டா என்பவற்றுக்கு மருத்துவரையும் உடன் அமர்த்திக்கொண்டு நம் உலமாக்கள் விடை எழுத வேண்டும் என்று வேண்டுகிறோம்.