வெள்ளிக் குழல்

குடியரசு நாள் வந்தால் பள்ளியில் டிரம் அடிக்கப் பையன்களைத்தான் எடுப்பார்கள். எங்களுக்குப் பூத்தட்டு. செய்யூரில் நான் படித்த காலம் அது. டிரம்மின் தோள்வாரை ஒருமுறையாவது மாட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை, கேட்டதற்குச் சிரித்தார்கள். பிறகு இராணுவ இசையின் வரலாற்றைத் தேடிப் படித்ததில் அந்தச் சிரிப்புக்கும் பங்குண்டு.

மதுராந்தகத்தைத் தாண்டினால் கருங்குழி. அங்கிருந்த கோட்டையை 1781 ஜனவரியில் ஐர் கூட்டின் கம்பெனிப் படை ஐதர் அலியிடமிருந்து பிடித்தது. கூட்டின் கீழ் போரிட்டவர்களில் ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரர்களின் 73ஆம் படைப்பிரிவும் உண்டு. 1780இல் சென்னையில் வந்திறங்கிய பிரிவு அது. அதே செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் அதன் ஒரு பகுதி அழிந்தது. 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டைப் போரில் அவர்களுடைய பைப்பர் ஒருவன் குண்டுகளுக்கு நடுவே ஊதிக்கொண்டே போனானாம். அதைக் கண்டு மெச்சிய கூட், வெள்ளியில் குழல் செய்து தருவதாக வாக்களித்தார். அதற்காக 50 பவுன் கொடுத்தார். படைப்பிரிவின் வரலாறு இதைப் பெருமையாகச் சொல்கிறது.

அந்த 50 பவுனைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அதே போரில் செங்கல்பட்டுச் சீமையின் ஊர்கள் எரிந்தன, ஏரிகள் பாழாயின. பஞ்சம் பிழைக்க வந்த கூட்டம் சென்னைத் தெருக்களில் செத்து விழுந்தது. பதினைந்து வருடம் கழித்து இங்கே கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஆளில்லாத ஊர்களைப் பற்றி எழுதுகிறார். எழுதுவது நிலத்தையும் வரியையும் பற்றி. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியவளுக்கு அந்தக் கணக்கில் வரி இல்லை. குழலுக்கு விலை தெரிகிறது.

தோல்பையில் காற்றடைத்து ஊதும் வாத்தியம் நமக்கு அந்நியமும் அல்ல. சதிர்க் கச்சேரியின் சின்னமேளத்தில் முகவீணையோடு சுருதிக்குத் துத்தி ஊதினார்கள். ஆடியவள் பெண், பின்னால் நின்று ஊதியவர் ஆண். சதிரைச் சட்டமும் சீர்திருத்தமும் மேடையிலிருந்து இறக்கியபோது துத்தியும் சேர்ந்தே போயிற்று. வெள்ளைக்காரனின் பையோ கிரீச் மடிப்போடு நம் இராணுவத்தில் தங்கிவிட்டது.

அது தங்கிய இடங்களில் ஒன்று பரங்கிமலை. அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த ஊர். 1963இல் அங்கே தொடங்கிய அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் 1992இல் முதன்முதலாக 25 பெண்கள் சேர்ந்தார்கள். 1993 மார்ச்சில் தேர்ச்சி பெற்று வெளியே வந்தார்கள். அங்கே பயிற்சி முடிக்கிறவர்கள் கடைசி அடியை எடுத்து வைப்பது ராபர்ட் பர்ன்ஸின் பாட்டுக்கு, 'ஆல்டு லாங் சைன்' மெட்டுக்கு. ஸ்காட்லாந்துக்காரர்கள் பிரிவுக்குப் பாடுவதை நம் பெண்கள் வேலைக்குச் சேரும் நாளில் கேட்கிறார்கள்.

ஆனால் கிடைத்த வேலை ஐந்து வருடத்துக்கு. நிரந்தரப் பணியும் படைக்குத் தலைமை தாங்கும் உரிமையும் கேட்டு வழக்குப் போட வேண்டியிருந்தது. கிராமத்திலிருந்து வரும் ஆண் சிப்பாய்கள் பெண்ணின் ஆணையை ஏற்கும் மனநிலையில் இல்லை என்று அரசு உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது. தவறு கிராமத்து ஆணின் தலையில்! 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது.

இதில் இன்னொரு முடிச்சு. பேண்டில் ஊதுகிறவர்கள் சிப்பாய்கள். சிப்பாய் நிலையில் பெண்கள் முதன்முதலாக வந்தது 2021 மே மாதம், பெங்களூரில், இராணுவப் போலீஸில், 83 பேர். ஆக, ஏறத்தாழ முப்பது வருடம் ஒரு பெண் அந்த மெட்டுக்கு அதிகாரியாக நடக்கலாம்; அதை ஊதும் சிப்பாயாக முடியாது. இங்கிலாந்தின் டேகனம் ஊரிலோ 1930இலேயே பாதிரியார் ஒருவர் ஞாயிறு பள்ளிச் சிறுமிகளை வைத்து பைப் பேண்டு தொடங்கியிருந்தார். டெல்லி காவல்துறையின் மகளிர் பேண்டு குடியரசு நாள் அணிவகுப்பில் நடக்க 2024 ஆயிற்று.

அன்று தொலைக்காட்சியில் அதைப் பார்த்தேன். முன்வரிசையில் ஒருத்தி டிரம்மின் தோள்வாரை மாட்டியிருந்தாள். நடக்கும்போது அது கொஞ்சம்கூட நழுவவில்லை.