‘பிரேக் பிடிக்கல’: ஒரு மொரிஸ் மைனர் பிக்கப்பும் மலையக இறக்கமும்

மலையகத்தில் ஒரு வாகனம் பள்ளத்தில் விழுந்தால் அடுத்த நாள் செய்தியில் மூன்று சொற்கள் வரும்: ‘பிரேக் செயலிழந்த நிலையில்’. லயத்தில் அதையே ‘பிரேக் பிடிக்கல’ன்னு சொல்லுவாங்க. அதோட கதை முடிஞ்சிரும். மழை பெஞ்சது, மண் சரிஞ்சது, பிரேக் பிடிக்கல. யாரும் செய்யாமல் தானாக நடந்த விஷயங்கள் மாதிரி எல்லாம் ஒரே வரிசையில் போய் நிற்கும்.

நாங்கள் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிறவர்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையானது என்று ஆண்டு பிசகாமல் எழுதுவோம். ‘பிரேக் பிடிக்கல’வுக்கும் ஆண்டுகள் இருக்கு. பரீட்சையில் யாரும் கேட்கிறதில்லை, அவ்வளவுதான்.

நல்லதண்ணியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மொரிஸ் மைனர் பிக்கப் ஒன்று இருக்கிறது. சிவனொளிபாதமலை சீசனில் கடைக்குச் சாமான் ஏற்றும், மற்ற நாளில் மரக்கறி மூட்டை. அதன் முன்சக்கர டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போடும் வேலை மஸ்கெலியாப் பக்கம் ஒரு கராஜில் நடந்தது. லீவு நாட்களில் நாங்கள் நாலு பேரும் போய் நின்று, பாஸிடம் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்தோம். ஒரு பிரேக்கை மாற்ற வேண்டுமென்றால் அது ஏன் அப்படிச் செய்யப்பட்டது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பாஸ் செய்தது பாதி வரலாற்று வேலை என்றே எங்களுக்குப் பட்டது.

மொரிஸ் மைனர் 1948இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான கார். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பிறகு 1959இல் மினி காரையும் கொடுத்தவர். பத்து லட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் மைனர்தான். அதன் வேனும் பிக்கப்பும் 1953இல் வந்தன. ஆரம்பத்தில் கால் தொன் சுமைக்கென்று செய்தார்கள். நாலு சக்கரத்திலும் டிரம். முன்பக்க டிரம்மின் விட்டம் முதலில் 7 அங்குலம், 1962க்குப் பிறகு 8 அங்குலம். சோற்றுத் தட்டை விடச் சின்னது.

இங்கிலாந்தின் ரோட்டுக்கு அது போதும். இங்கிலாந்தின் மிக உயர்ந்த மலையான ஸ்கேஃபெல் பைக்கே 978 மீற்றர்தான். ஹட்டன் நகரம் 1,200 மீற்றருக்கும் மேலே இருக்கு. ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கு இறங்குகிற வாகனம் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் உயரத்தை இழக்கிறது. அதாவது அந்த ஊரின் ஆக உயர்ந்த மலையை உச்சியிலிருந்து கடல் மட்டம் வரை இறங்கின மாதிரி. இங்கே அது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமைப் பயணம்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். சுமையோடு 1,000 கிலோ உள்ள வாகனம் 1,000 மீற்றர் இறங்கினால் 98 லட்சம் ஜூல் சக்தி எங்காவது போயாகணும். எஞ்சினும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், மீதி பிரேக்கில் சூடாகும். முழுவதும் பிரேக்கிலேயே விழுந்தால், ஏறத்தாழ 29 லீற்றர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு அது. 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து ஒரே தடவை நிறுத்துவதோடு ஒப்பிட்டால், கிட்டத்தட்ட நூறு தடவை நிறுத்தியதற்குச் சமம். சமதரையில் ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் நடுவில் பிரேக் ஆறும். இறக்கத்தில் ஆற நேரமில்லை. ‘எந்தக் கியரில் ஏறினியோ அந்தக் கியரில் இறங்கு’ன்னு பழைய சாரதிகள் சொல்வது இதனால்தான்.

டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் ஒரு இரும்புச் சட்டி. உள்ளே பிறை வடிவத்தில் இரண்டு ஷூ. மிதித்தால் ஷூ வெளிப்பக்கம் விரிந்து சட்டியின் உள்சுவரில் உரசும். இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு: சுற்றுகிற சட்டியே ஷூவைத் தன்னோடு இழுத்து, இன்னும் இறுக்கமாக அழுத்தவைக்கும். மைனரின் முன்சக்கரத்தில் இரண்டு ஷூவும் இப்படி முன்னோக்கிய சுழற்சிக்கென்றே பூட்டப்பட்டவை. அதனால் எந்த உதவிக் கருவியும் இல்லாமல், சாதாரண கால் பலத்திலேயே வண்டி நின்றது. ஆனால் வண்டி பின்னால் உருளும்போது அதே இரண்டு ஷூவும் தள்ளிவிடப்படும், பிடி பாதியாகக் குறையும். ஏற்றத்தில் நிறுத்தின மைனர் பின்னோக்கி நழுவுறதைப் பார்த்தவங்களுக்கு இது புரியும். லண்டன் தெருவில் இதை ஒரு குறையாகவே சொல்ல முடியாது. மலையகத்தில் சந்திக்குச் சந்தி இது வேலையைக் காட்டும்.

சூட்டில் சட்டி விரிந்து ஷூவிலிருந்து விலகும். லைனிங்கும் தன் உரசும் தன்மையை இழக்கும். பெடல் கீழே கீழே போகும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மறுபடி பிடிக்கும் என்பதால், விபத்துக்குப் பிறகு சோதித்தால் ‘பிரேக்கில் பழுதில்லை’ என்றே தெரியலாம்! தண்ணீர் இன்னொரு பிரச்சினை. டிரம்முக்குள் போன ஈரம் லேசில் வெளியே வராது. தென்மேற்குப் பருவமழையை வாங்கி மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தை நிரப்புகிற ஊர்ப்பக்கம் இது. அந்த நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே தண்ணிக்குள்ளே போச்சு. நீர் வற்றும்போது பழைய கோயில் தலை காட்டும். ஈரத்தைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

டிஸ்க்கில் மறைப்பு இல்லை. காற்றுப் படும்படி ஒரு தட்டு, இரண்டு பக்கமும் அதை நெருக்கும் பாட். சூட்டில் தட்டு தடித்தால் பாடின் பக்கம்தான் வரும், விலகாது. தண்ணியைச் சுழற்றி வீசிவிடும். இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பிரடெரிக் லான்செஸ்டர் இங்கிலாந்தில் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை எடுத்தது 1902இல். பிரான்சில் லூயி ரெனோ டிரம் பிரேக்கை உருவாக்கியதும் அதே 1902. இரட்டைப் பிள்ளைகள் என்றே சொல்லலாம். ஒன்று உடனே உலகம் முழுக்கப் போச்சு, மற்றது அரை நூற்றாண்டு காத்திருந்தது. 1953இல் ஜாகுவார் கார்கள் டன்லொப் டிஸ்க் பிரேக்கோடு லெ மான்ஸ் 24 மணிநேரப் போட்டியில் வென்ற பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். 1955இல் சித்ரொயென் டிஎஸ் காரில் அது பெருமளவு உற்பத்திக்கு வந்தது. அமெரிக்காவின் செவ்ரோலே பிக்கப்களில் முன்சக்கர டிஸ்க் கட்டாயப் பாகமானது 1971இல். சுமை ஏற்றும் வண்டிக்கு அது கடைசியாகத்தான் கிடைத்தது என்பதைக் கவனியுங்கள். பந்தயக்காரருக்கு முதல், பணக்காரருக்கு அடுத்தது, மூட்டைக்கு மெதுவா.

எங்கள் பிக்கப் பிறந்த 1953ஆம் ஆண்டும் லெ மான்ஸ் வெற்றியும் ஒன்று. மைனரோ 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும் வரைக்கும் டிரம்மோடுதான் வந்தது.

சரி, அந்த வண்டி இங்கே இன்றும் ஏன் ஓடுகிறது? பாசத்தால் மட்டும் இல்லை. 1960களில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டு இலங்கையில் வாகன இறக்குமதி இறுகியது. 1970 முதல் 1977 வரை இன்னும் இறுக்கம். டிஸ்க் பிரேக் உலகத்தில் சாதாரணமான காலமும் இங்கே கதவு மூடியிருந்த காலமும் ஏறக்குறைய ஒரே காலம். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் ஜப்பானின் ‘ரீகண்டிஷன்’ வாகனங்கள் இறங்கின. முன்சக்கர டிஸ்க்கை நம்ம ஊர்ச் சனம் பரவலாகக் கண்டது அந்த வேன்களில்தான். பிறகு 2020 மார்ச்சில் கதவு திரும்ப மூடியது. 2022 நெருக்கடி வந்தது. தனியார் கார் இறக்குமதி திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் அஞ்சு வருசம் பழைய வண்டி எதையும் யாரும் கழிக்கவில்லை, விலைதான் ஏறியது. மலையிறக்கத்தில் எந்த பிரேக்கோடு நாம இறங்குகிறோம் என்பதைக் கொழும்பில் நிதியமைச்சு எழுதும் வர்த்தமானியும் தீர்மானிக்குது.

இனி மாற்றும் வேலை. ‘டிஸ்க் வாங்கிப் பூட்டினா சரிதானே’ன்னு நினைக்கிறவங்க இந்தப் பகுதியைத் தாண்டாமல் படிக்கணும். பாகம் கிடைப்பது பெரிய கஷ்டமில்லை. 1971இல் வந்த மொரிஸ் மரீனா மைனரின் முன்பக்க அமைப்பைப் பெருமளவு தழுவியது என்பதால் அதன் டிஸ்க்கை வைத்து மைனரை மாற்றும் பழக்கம் இங்கிலாந்திலேயே உண்டு. இங்கே பஞ்சிகாவத்தையில் தேடினால் ஜப்பான் பாகம் ஏதாவது ஒன்றைப் பொருத்திக்கொள்ளலாம். கஷ்டம் அதற்குப் பிறகுதான்.

முதலாவது, டிஸ்க்குக்கு டிரம்மைப் போலத் தன்னைத் தானே இழுத்துக்கொள்ளும் குணம் இல்லை. நிறைய அழுத்தம் வேணும். அதற்கு சேர்வோ என்ற உதவிக் கருவியைப் பூட்டினால் அதே அழுத்தம் பின்சக்கர டிரம்முக்கும் போகும். வெறும் பிக்கப்பின் பின்பக்கம் பாரமில்லாதது. ஈர ரோட்டில் பின்சக்கரம் முதலில் இறுகி நின்றால் வண்டி பம்பரம் மாதிரித் திரும்பும். எனவே பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று தேவை. அதையும் மூட்டை ஏற்றி ஒரு தடவை, ஏற்றாமல் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துத்தான் சரிசெய்யணும். இரண்டாவது, பழைய மாஸ்டர் சிலிண்டருக்குள் டிரம்முக்கென்று குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு இருக்கும். அதை அப்படியே விட்டால் டிஸ்க்கில் பாட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். இறங்குவதற்கு முன்பே சூடாகிவிடும். முழுசாகக் கழற்றினாலும் தொல்லை, ஏனென்றால் மைனரின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் கால்மாட்டில், தரைக்குக் கீழே சட்டத்துக்குள் இருக்கு. சக்கரத்தை விடத் தாழ்வான இடம், ஒயில் திரும்பி வடிந்துவிடும். அதற்கும் ஒரு சின்ன வால்வு.

அந்த சிலிண்டரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். ஒயில் ஊற்றணும்னா காலடி விரிப்பைத் தூக்கி மூடியைத் தேடணும். கழற்றணும்னா அதன் போல்ட்டுக்குக் குறுக்கே சஸ்பென்ஷன் கம்பி நிற்கும். எட்டாத இடத்தில் இருப்பதை யாரும் அடிக்கடி பார்க்கமாட்டார்கள். பிரேக் ஒயிலோ காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பொருள். புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியசில் கொதிக்கும். ஈரம் ஏறினால் 140 வரைக்கும் இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி, மிதித்தால் பெடல் வெறுமனே தரைக்குப் போகும். இது டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் பொது.

இன்னொன்று: மைனரில் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஒயில் பாதை. எங்காவது ஒரு குழாய் துருப்பிடித்து வெடித்தால் நாலும் போச்சு. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிப் பாதை வேண்டும் என்ற விதி அமெரிக்கக் கார்களுக்கு 1968இல் வந்தது. எங்களைக் கேட்டால், டிஸ்க்கை விட முக்கியமான மாற்றம் இதுதான். பாஸும் அதையே சொன்னார்: “தம்பி, டிஸ்க்கு போட்டுட்டு ஒரே லைன்ல விட்டா, நல்ல பூட்டு வாங்கி ஓட்டைக் கதவுல போட்ட மாதிரி.” இரட்டைப் பாதை உள்ள மாஸ்டர் சிலிண்டரை அவர் தரைக்குக் கீழிருந்து எஞ்சின் பக்கம் கொண்டுவந்து, கண்ணில் படும் இடத்தில் பொருத்தினார். பின்சக்கர டிரம்மை மாற்றவில்லை. கைப்பிரேக் அதில்தான் இருக்கு, நிறுத்திவைத்த வண்டியைப் பிடிக்க டிரம் நல்ல சாமான்.

டிரம்மை வில்லனாக்கிவிட்டு நாங்கள் போக விரும்பவில்லை. இன்றும் நம் ரோட்டில் ஓடும் பெரிய பஸ், லொறிகளில் பெரும்பாலானவை காற்றழுத்தத்தில் இயங்கும் டிரம்களோடுதான் வருகின்றன. ஒழுங்காகப் பார்த்த டிரம் அரைகுறையாக மாற்றிய டிஸ்க்கை விட நம்பத்தக்கது. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பஸ் ஒன்று வேனோடும் முச்சக்கர வண்டியோடும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். பஸ்ஸின் பிரேக் பிடிக்கவில்லை என்றே அன்றும் செய்தி வந்தது. சூட்டில் விலகியதா, காற்று கசிந்ததா, லைனிங் தேய்ந்திருந்ததா, செங்குத்தான அந்த ரோட்டுக்குள் அந்த வாகனம் ஏன் விடப்பட்டது – இவை ஒவ்வொன்றும் தனித்தனிக் கேள்வி, தனித்தனிப் பொறுப்பாளி உள்ள கேள்வி. மூன்று சொல் அத்தனையையும் ஒரே மூடியால் மூடிவிடுது. கொழுந்து லொறியின் பின்னால் ஏறி ஆஸ்பத்திரிக்கும் திருவிழாவுக்கும் போய்வந்த நம்ம ஆட்களின் கதையில் இந்த மூடி பலமுறை போடப்பட்டிருக்கு.

பாஸ் பழைய டிரம்மைத் திறக்கும் முன்பு தண்ணீர் தெளித்தார். முந்தைய காலத்து லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருந்தது. தேய்ந்த தூள் வெளியே போக வழியில்லாமல் சட்டிக்குள்ளேயே சேரும். திறந்ததும் வாயால் ஊதித் துப்புரவாக்குவதுதான் கராஜ் பையன்களின் முதல் வேலை. பிரித்தானியா அஸ்பெஸ்டஸை முழுசாகத் தடை செய்தது 1999இல். அதற்குள் எத்தனை பையன்கள் ஊதியிருப்பார்கள்!

வேலை முடிந்ததும் நேரே கினிகத்தேனைக்கு விடவில்லை. நீர்த்தேக்க ஓரத்தில் சமமான ரோட்டில், வேகம் எடுப்பதும் மெதுவாகக் குறைப்பதுமாகப் பலமுறை ஓட்டி, பாடும் தட்டும் ஒன்றோடொன்று பழகும்வரை பொறுத்தார்கள். பிறகு மூட்டை ஏற்றி, பின்பக்க வால்வைத் திருகித் திருகி இன்னொரு நாள். மூன்றாம் நாள்தான் இறக்கம். அன்றைக்கும் இரண்டாம் கியரில்தான் இறங்கினார்கள்.