மறதியை அளந்த மேதை

"படிப்பு ஏறாது, இவன் தலையெழுத்து அது!"

கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து மல்லாட்டைக் கொல்லையில் பெற்றோருக்குக் கைகொடுத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடிவரும் சிறுவன், நேற்று ஒப்பித்த பாடத்தை இன்று மறந்து நிற்கும்போது ஊரார் வழங்கும் தீர்ப்பு இது. எழுதியவன் யார்? எந்த மையால் எழுதினான்? கேட்பாரில்லை!

கேட்டார் ஒருவர், தோழர்களே! மறதியை விதியின் கணக்கில் எழுதாமல், அளந்து பார்க்கத் துணிந்த அவர், ஜெர்மன் அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ். 1850-ல் பார்மன் நகரில் வணிகர் குடும்பத்தில் பிறந்தவர். நினைவாற்றலைச் சோதனையால் அளக்கவே முடியாதென்று உளவியல் மேதை வுண்ட் அவர்களே கருதியிருந்த காலம் அது.

எபிங்ஹவுஸிடம் ஆய்வுக்கூடம் இல்லை, உதவியாளர் இல்லை. தம் மூளையையே ஆய்வுக்களமாக்கினார். பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2,300 தொகுத்தார். பொருளுள்ள சொல்லாயின் பழைய பழக்கம் துணைக்கு வந்துவிடுமல்லவா? 1879-80-லும் 1883-84-லும் அவற்றை மனனம் செய்தார், மறந்தார், மீண்டும் கற்றார். மறுமுறை கற்கையில் எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். 20 நிமிடத்திற்குப் பின் மிச்சம் 58 விழுக்காடு. ஒரு மணி நேரத்திற்குப் பின் 44. ஒரு நாளைக்குப் பின் 34. ஒரு திங்களுக்குப் பின் 21. மறதி முதலில் பாய்கிறது, பிறகு தவழ்கிறது!

1885-ல் வெளியான அவரது நூலில், ஆசிரியர்கள் நெஞ்சில் பொறிக்கவேண்டிய கணக்கொன்று உண்டு. ஒரே நாளில் 68 முறை உருப்போட்டுப் பெற்ற பயனை, மூன்று நாட்களுக்குப் பகிர்ந்து 38 முறை படித்தே அவர் பெற்றார்.

இத்தனை செய்தவருக்கு, எழுதியவை குறைவென்று பெர்லினில் உயர் பதவி கிட்டவில்லை என்பர். 1894-ல் பிரெஸ்லாவ் சென்றார். அங்கே பள்ளிச் சிறுவரின் களைப்பை ஆராய, விடுபட்ட சொற்களை நிரப்பும் தேர்வை வகுத்தார். இன்றும் நம் வினாத்தாள்களில் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்றொரு பகுதி உண்டல்லவா? 1909-ல் ஹாலே நகரில் மறைந்தார்.

ஒருவர் தம்மைத் தாமே சோதித்தது போதுமா என்பீர்கள். நியாயமான ஐயம்! அறிவியல் அதற்கு அஞ்சுவதில்லை. 2015-ல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் அச்சோதனையை மீண்டும் நடத்தினர். ஏறத்தாழ அதே வளைகோடு வந்தது. நம் நாட்டிலும் 1916-ல் கல்கத்தாவில் நரேந்திரநாத் சென்குப்தாவும், 1943-ல் சென்னையில் ஜி. டி. போவாசும் பல்கலைக்கழகங்களில் உளவியல் துறைக்கு வித்திட்டனர்.

பிறவியில் எல்லோரும் ஒரே அளவினர் என்று எபிங்ஹவுஸ் நிறுவவில்லை. ஆனால், ஓய்வும் விளக்கும் வாய்த்த வீட்டுப் பிள்ளை, மாலையில் பாடத்தை மறுபடி புரட்டுகிறான். கொல்லைக்கு ஓடும் பிள்ளைக்கு அந்த மறுவாசிப்பு கிட்டுவதில்லை. முன்னவனை மேதை என்றும் பின்னவனை மரமண்டை என்றும் முத்திரை குத்துவது என்ன நீதி?

இளைஞனே! மாலையில் அரை மணி நேரம் ஒதுக்கு. திண்ணையில் நாலு சிறுவரை அமர்த்தி, நேற்றைய பாடத்தை இன்றும், இன்றையதை நாளையும் படிக்கச் செய். தலையெழுத்து அழிவதை உன் கண்ணாலேயே காண்பாய்!